கண்ணு கரிக்குதா? பழியை செல்போன் மேல் போடும் முன் ஒரு நிமிஷம்!

செட்டியார்பட்டி: பகல் முழுக்க தையல் மெஷின். ராத்திரி படுக்கும் வரை செல்போன். ராஜபாளையம் அருகே உள்ள செட்டியார்பட்டி, தளவாய்புரம், முகவூர் வட்டாரத்தில் நைட்டி, பாவாடை தைக்கும் பல வீடுகளில் கண்ணுக்கு கிடைக்கிற ஓய்வு தூங்கும் நேரம் மட்டும்தான். அந்த தூக்கத்திலும் ஒரு மணி நேரத்தை ரீல்ஸ் தின்றுவிடுகிறது.

சாயங்காலம் ஆனால் கண் கரிக்கிறது. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. நெற்றிப் பொட்டில் வலி. எழுத்து இரண்டாகத் தெரிவது போல ஒரு மயக்கம். உடனே வருகிற பேச்சு, "போனைப் பார்த்து பார்த்து கண்ணே போச்சு" என்பதுதான்.

இந்தப் பேச்சில் பாதி நிஜம். மீதி பாதி தப்பு. அந்த தப்பான பாதிதான் ஜனங்களின் காசையும் கண்ணையும் சேர்த்து காலி செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் நிஜமான பாதி

கண் சிமிட்டுவது சும்மா நடக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு தடவை இமை மூடித் திறக்கும்போதும் கருவிழி மேல் கண்ணீர் ஒரு மெல்லிய பூச்சாகப் பரவுகிறது. கார் கண்ணாடியில் வைப்பர் ஓடுவது மாதிரி. வைப்பர் நின்றால் கண்ணாடி காயும்.

ஸ்கிரீனைப் பார்க்கும்போது மனிதன் சிமிட்ட மறந்துவிடுகிறான். இதை ஜப்பானில் ஆபீஸ் ஊழியர்கள் 104 பேரை வைத்து எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1993-ம் ஆண்டு வெளிவந்த கணக்கு இது. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு சராசரியாக 22 தடவை சிமிட்டியவர்கள், புத்தகம் படிக்கும்போது 10 தடவைதான் சிமிட்டினார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது 7 ஆகக் குறைந்துவிட்டது. அன்றைக்கு ஸ்மார்ட்போன் கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கரிப்பும் உறுத்தலும் வருவது இந்தக் காய்ச்சலால்தான். சிலருக்கு தண்ணீர் தண்ணீராகக் கொட்டும். "தண்ணிதான் வருதே, காய்ஞ்சது எப்படி?" என்று கேட்பார்கள். காய்ந்த கண் எரிகிறது, அந்த எரிச்சலுக்கு அவசரமாக ஊறும் தண்ணீர் அது. ஒட்டாமல் வழிந்து போய்விடும்.

தலைவலிக்குக் காரணம் வேறு. கண்ணுக்குள் இருக்கும் லென்சைச் சுற்றி ஒரு சின்ன தசை இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அது சும்மா இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது இறுக வேண்டும். மூட்டை தூக்கினவர் கையை மடக்கியபடியே மணிக்கணக்கில் நின்றால் கை கடுக்காதா? அதே கடுப்புதான் கண்ணுக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த தசைக்கு செல்போன் என்றும் தெரியாது, ஊசி முனை என்றும் தெரியாது. பக்கத்தில் பார்த்தால் இறுகும், அவ்வளவுதான். காலையில் இருந்து நைட்டிக்கு கழுத்து பைப்பிங் வைத்த கண், வேலை முடிந்து போனை எடுத்தால் அது ஓய்வு இல்லை. ஓவர்டைம்.

நல்ல செய்தி, இந்த அசதியால் கண் பார்வை போய்விடாது. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்.

"எந்திரிச்சா கூலி யார் தருவா?"

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள பொருளை, 20 வினாடி பாருங்கள். கண் டாக்டர்கள் உலகம் முழுக்க சொல்லும் எளிய கணக்கு இது.

பீஸ் ரேட்டுக்கு தைப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்தால் எத்தனை பீஸ் போகும்? ஆனால் எழுந்திருக்கவே வேண்டாம். கட்டு ஒன்று முடிந்து அடுத்ததை எடுக்கும் நேரத்தில், பாபின் மாற்றும் நேரத்தில், தலையை நிமிர்த்தி வாசல் வழியாக வெளியே பார்த்தால் போதும். எதிர் வீட்டு மாடி, தென்னை மரம், எதுவானாலும் சரி. நம்ம ஊருக்கு மேற்கே மலையே இருக்கிறது. கணக்குப் போட்டால் 8 மணி நேர வேலைக்கு 24 தடவை. மொத்தம் 8 நிமிஷம். ஒரு டீக்கு ஆகிற நேரம்கூட இல்லை.

நிமிரும்போது நாலைந்து தடவை நன்றாக இமையை மூடித் திறக்க வேண்டும். அரைகுறையாக மூடினால் பூச்சு பரவாது.

அடுத்தது காற்று. புழுக்கத்துக்கு ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு தைப்பவர்கள் அதிகம். கண் காய்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஃபேன் காற்று முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ வரட்டும்.

வெளிச்சமும் முக்கியம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டு ராத்திரி தைப்பது கண்ணுக்கு தண்டனை. அந்தக் கட்டுகளைப் பகலில் முடித்துவிட்டு வெளிர் கலரை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலாளி ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும் என்பதும் உண்மை. மெஷின் லைட் கை நிழல் ஊசி மேல் விழாதபடி இருக்க வேண்டும்.

செல்போன் என்றால், முழங்கைக்கும் விரல் முனைக்கும் உள்ள தூரத்துக்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். எழுத்து தெரியவில்லை என்று கிட்டே இழுக்காமல் செட்டிங்சில் போய் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, மூக்குக்கு நேராக போனை வைத்துப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். பில்லிங், டேட்டா என்ட்ரி என்று கம்ப்யூட்டரில் உட்காருபவர்களுக்கு ஒரு கை நீளம் தள்ளி ஸ்கிரீன் இருக்க வேண்டும். அதன் மேல் ஓரம் கண் மட்டத்துக்கு மேலே போகக்கூடாது. ஸ்கிரீன் கீழே இருந்தால் இமை பாதி இறங்கி கண்ணை மூடும். காய்வது குறையும்.

இதுவரை சொன்னதற்கு பைசா செலவு கிடையாது.

மெடிக்கலில் "ஒரு சொட்டு மருந்து கொடுங்க"

இனிதான் செலவும் ஆபத்தும். கண் சிவந்தால் மெடிக்கலுக்குப் போய் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிற பழக்கம் ஊர் ஊருக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பாட்டிலை வாங்கிப் போடுபவர்களும் உண்டு. போட்டதும் சிவப்பு ஓடிவிடும், கண் குளுகுளுவென்று இருக்கும். "நல்ல மருந்து" என்று அதையே மாதக்கணக்கில் போடுவார்கள்.

அப்படி சட்டென்று கேட்கும் மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் அதுதான். டாக்டர் பார்த்து, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதுதான் காப்பாற்றுகிறது. ஆனால் தன் இஷ்டத்துக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டால் சிலருக்கு கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறிவிடும். அந்த அழுத்தம் பார்வை நரம்பை ஓசைப்படாமல் அழிக்கும். வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும். அப்படிப் போன பார்வை எந்த ஆபரேஷனிலும் திரும்ப வராது. சின்ன வயதிலேயே கண்புரை வருவதற்கும் இந்த ஸ்டீராய்டு ஒரு காரணம்.

ஆக, வெறும் ஓய்வில் போயிருக்க வேண்டிய எரிச்சலுக்காக பார்வையையே விலையாகக் கொடுப்பதில் போய் முடியும். இந்த மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். கேட்டு வாங்குகிறவர்களுக்கும் அது தெரிந்திருந்தால் நல்லது.

கண்ணீர் மாதிரியே வேலை செய்யும் ஈரப்பத சொட்டு மருந்து வேறு. அதில் ஸ்டீராய்டு இல்லை. அதையும் டாக்டரிடம் கேட்டுப் போடுவதே முறை. எந்தக் கண் மருந்தானாலும் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மாதம்தான் கணக்கு. போன தீபாவளிக்குத் திறந்த பாட்டிலை இந்தப் பொங்கலுக்குப் போடக்கூடாது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு என்று கண்ணுக்குள் ஊற்றுகிற வைத்தியம் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் சொன்னார்கள் என்றாலும் வேண்டாம். கருவிழியில் கிருமி இறங்கினால் பெரும் தொந்தரவு. மூடிய இமை மேல் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை வைப்பதில் தப்பில்லை.

நீலக் கண்ணாடி வாங்கலாமா?

"ப்ளூ கட்" என்று சொல்லி கூடுதல் பணத்துக்கு விற்கிறார்களே, அது? போனில் இருந்து வரும் நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது, இந்தக் கண்ணாடி தடுக்கிறது என்பது விளம்பரம். 2023-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு, ஆறு நாடுகளில் நடந்த 17 சோதனைகளைச் சேர்த்து அலசிப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியைவிட இந்தக் கண்ணாடி கண் அசதியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது. வெயிலில் இருந்து வருகிற நீல வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் போன் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. அந்தக் கூடுதல் காசு கையிலேயே இருக்கட்டும்.

கை நீளம் பத்தலையா? அது போன் செய்த வேலை இல்லை

இப்போது தப்பான அந்தப் பாதிக்கு வருவோம். 40 வயதைத் தாண்டிய ஒரு டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. பக்கத்து மெஷின் பிள்ளையைக் கூப்பிடுகிறார். போனில் மெசேஜ் படிக்க கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறார். ராத்திரி தலைவலி. "எல்லாம் இந்தப் போனால வந்தது" என்று வீட்டில் திட்டு.

அது வெள்ளெழுத்து. சாளேஸ்வரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வயது ஏற ஏற கண் லென்ஸ் விறைத்துப்போகும், பக்கத்துக்குத் தகுந்தபடி வளையாது. போனையே தொடாதவருக்கும் 40-ஐ ஒட்டி வரும். நோய் இல்லை, நரை மாதிரி. படிக்கிற கண்ணாடி ஒன்று போட்டால் தீர்ந்தது.

ஆனால் போடுவதில்லை. "கண்ணாடி போட்டா வயசாயிட்டுன்னு சொல்லுவாங்க", "போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்" என்று தள்ளிப் போடுகிறார்கள். கண்ணாடி போடுவதால் பவர் ஏறாது. போட்டாலும் போடாவிட்டாலும் வயதோடு அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்யும்.

தள்ளிப் போடுவதால் என்ன நஷ்டம்? கூலியில் நஷ்டம். இதை அசாம் தேயிலைத் தோட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்கள் 751 பேர். பாதிப் பேருக்கு உடனே படிக்கிற கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட சுமார் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இது. இலை பறிக்கிற கைக்கே இவ்வளவு என்றால் ஊசியோடு மல்லுக்கட்டுகிற கைக்கு?

அதற்கும் பதில் இருக்கிறது. வங்காளதேச கிராமங்களில் டெய்லர், நெசவாளர், கைவினை வேலை செய்பவர்கள் என்று 35-ல் இருந்து 65 வயது வரை உள்ள 800-க்கும் மேற்பட்டவர்களிடம் இதே மாதிரி பார்த்தார்கள். 2024-ல் முடிவு வந்தது. எட்டு மாதத்தில், கண்ணாடி கிடைத்தவர்களின் மாத வருமானம் கிடைக்காதவர்களைவிட சுமார் 33 சதவீதம் அதிகம். கொடுத்தது விலை உயர்ந்த கண்ணாடி இல்லை, சாதாரணமாகக் கடையில் தொங்குகிற ரெடிமேட் ரகம்தான்.

கண் பரிசோதனைக்குப் போகிற டெய்லர்கள் ஒன்றை மறக்காமல் செய்ய வேண்டும். "நான் தையல் வேலை பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கையால் காட்டுங்கள். முடிந்தால் ஒரு துண்டுத் துணியும் நூலும் கொண்டு போங்கள். புத்தகம் படிக்கிற தூரத்துக்கு எழுதிய பவர், மெஷினில் குனிந்து பார்க்கிற தூரத்துக்கு சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒத்துவராமல் கண்ணாடியை வாங்கி பீரோவில் வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்னொன்று சர்க்கரை. சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் பார்வையும் ஒரு நாள் தெளிவாக, ஒரு நாள் மங்கலாக இருக்கும். பலர் இதையும் போன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பார்வை நன்றாகத் தெரிந்தாலும்தான்.

பிள்ளைங்க விஷயம் வேற

பெரியவர்களுக்கு அசதியோடு போகிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. எப்போதும் பக்கத்திலேயே பார்த்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிற பிள்ளைக்கு கண் உருண்டை நீளமாக வளர்ந்து கிட்டப் பார்வை வருகிற வாய்ப்பு அதிகம். பக்கத்தில் இருப்பது தெரியும், கரும்பலகை தெரியாது. நீண்ட கண் திரும்பச் சுருங்காது.

அம்மா தைத்து முடிக்கும் வரை பிள்ளை அழக்கூடாது என்று போனைக் கையில் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் அளவு வேண்டும். ஒரு வயதுக்குள் போன், டி.வி. எதுவுமே வேண்டாம், 2-ல் இருந்து 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

2020-ல் கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு வந்தபோது, இது பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கும் என்று சென்னை ஐகோர்ட் வரை வழக்கு போனது நினைவிருக்கும். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியிடம் கோர்ட் அறிக்கை கேட்டது. 1819-ல் தொடங்கிய பழம்பெரும் ஆஸ்பத்திரி அது. அந்த ஜூலையில் மத்திய அரசு ஒரு வரைமுறை வெளியிட்டது. 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு வகுப்புக்கு மேல் கூடாது, ஒரு வகுப்பு 30-ல் இருந்து 45 நிமிஷம்தான் என்றது. கொரோனா போனது. போன் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது.

இதற்கு மருந்து வெயிலில் இருக்கிறது. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், புதிதாகக் கிட்டப் பார்வை வந்தவர்கள் வெளியே விட்ட பள்ளிகளில் 30 சதவீதம், விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். 2015-ல் வெளிவந்த ஆய்வு. தைவானில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வேண்டும் என்று பள்ளிகளிலேயே திட்டம் போட்டார்கள். மர நிழலில் விளையாடினாலும் போதும், பகல் வெளிச்சம்தான் முக்கியம். கண்மாய்க் கரையில் கிரிக்கெட் ஆடப் போகிற பையனைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிள்ளை டி.வி.க்குக் கிட்டே போய் நின்றாலோ, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, தலையைச் சாய்த்துப் பார்த்தாலோ தாமதிக்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். கொடுத்த கண்ணாடியைப் பையன் பையிலேயே வைத்திருக்கிறானா, போடுகிறானா என்பதையும் பாருங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினால், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போலவோ கொசுக்கூட்டம் பறப்பது போலவோ புதிதாகத் தெரிந்தால், சிவப்போடு கடும் வலியும் வாந்தியும் வந்தால், லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால், ஒரு பொருள் நிஜமாகவே இரண்டாகத் தெரிந்தால் அது போன் அசதி இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி உடைந்து கண்ணில் தெறித்தாலும் அப்படித்தான். கசக்காமல், தண்ணீர் ஊற்றாமல், நீங்களாக எடுக்க முயலாமல் போக வேண்டும்.

மற்றபடி அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை இலவசம். கிராமங்களில் இலவச கண் முகாம்களும் நடக்கின்றன. இந்த வட்டார ஜனங்கள் நெடுங்காலமாக பஸ் ஏறிப் போகும் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1976-ல் வெறும் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். மூட்டு நோயால் விரல்கள் கோணிப்போன பிறகு கத்தி பிடிக்கப் பழகி, லட்சம் கண் ஆபரேஷன் செய்தவர். அந்த ஆஸ்பத்திரி 2004-ல் இருந்து சின்ன ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்து, டாக்டர் நகரத்தில் இருந்தபடியே கம்ப்யூட்டர் ஸ்கிரீன் வழியாக நோயாளியிடம் பேசும் முறையைக் கொண்டுவந்தது. ஸ்கிரீனால் நல்லதும் நடக்கிறது!

பரிசோதனைக்குப் போகும்போது பழைய கண்ணாடி, சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டு, இதுவரை போட்ட சொட்டு மருந்து பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். காலி பாட்டிலானாலும் சரி. விழித்திரையைப் பார்க்க கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். டூவீலர் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், துணைக்கு ஆள் வேண்டும். அன்றைக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் முடியாது. அதனால் ஆர்டர் நெருக்கடி இல்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.